ஹிப்-ஹாப், போதை, மனநலம்: யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது?

(மும்பையில் தமிழ் இளைஞர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வகுப்புக்கு அமைப்பாளர்கள் முதலில் கொடுத்த தலைப்பு ‘இளைஞர்களைச் சீரழிக்கும் போதைக் கலாச்சாரம்: ராப் பாடல்களின் பங்கு’ என்பதாகும். தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன், பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள். ஏன் மாற்றக் கேட்டேன் என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளையில் ஓர் இளைஞர் இருந்தார். வயது 20. பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் தாராவிக்கு வந்தவர்கள். தோல் பை தைக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. வேலை முடிந்த பிறகு, தமிழும் இந்தியும் கலந்து ராப் எழுதுவார். மே தினக் கூட்டத்தில் தலைவர்கள் பேசும்போது தேநீர்க் கடைக்குப் போகிறவர்கள்கூட அவர் பாடும்போது திரும்பி வருவார்கள். காலையில் அலுவலகத்தைத் திறந்து, பெருக்கி, நாளிதழ்களை அடுக்கி வைப்பவரும் அவர்தான். அவர் இருமல் மருந்துப் புட்டிகளை வாங்கிக் குடிக்கிறார் என்பது தெரியவந்தபோது கிளைக் கூட்டத்தில் விவாதித்தோம். விவாதம் 20 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. பழக்கத்தை விட்டொழித்துவிட்டு வரட்டும், அதுவரை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்ற செய்தி வந்தது. நல்வாய்ப்பாகப் பிழைத்துக்கொண்டார். மருத்துவமனையில் கட்டில் அருகே போய் நின்றேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்தான் பேசினார்: “ஆபீஸ் சாவி எங்கிட்டதான் இருக்குண்ணே. யாரும் வாங்க வரலை.”

தோழர்களே, எங்கள் கிளைக் கூட்டத்தில் அன்று ஒரு மூத்த தோழர், “இந்தப் பாட்டுதான் பையனைக் கெடுத்தது” என்று சொன்னார். நல்ல மனதோடு சொல்லப்பட்ட சொல்தான். ஆனால் அது உண்மையா? அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? போதை எங்கிருந்து வந்தது? இரண்டும் ஒரே தெருவில் எப்படிச் சந்தித்தன? இதற்கு விடை தேட, அந்த இசை பிறந்த இடமான நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக்குப் போக வேண்டும்.

எரிந்த தெருக்கள்

1948 முதல் 1972 வரை, பிராங்க்ஸ் பகுதியின் குறுக்கே ஒரு விரைவுச் சாலை அமைக்கப்பட்டது. உழைக்கும் மக்கள் வாழ்ந்த குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு அந்தச் சாலை சென்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆலைகள் வெளியேறின, வேலையும் வெளியேறியது. வாடகையைவிடக் காப்பீட்டுத் தொகை லாபகரமானது என்று கண்ட கட்டட உரிமையாளர்கள் பலர் தங்கள் கட்டடங்களுக்குத் தாங்களே தீ வைக்க ஆளமர்த்தினார்கள். தீயணைப்பு நிலையங்களை நகராட்சி மூடிக்கொண்டிருந்தது. 1970-க்கும் 1980-க்கும் இடையில், தீயாலும் கைவிடப்பட்டதாலும், பிராங்க்ஸின் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தங்கள் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானவற்றை இழந்தன. இந்த அழிவின் நடுவே வாழ்ந்தவர்கள் கறுப்பின மக்களும் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர்களும். ஹெராயின் அந்தத் தெருக்களுக்கு வந்தபோது, வேறெதுவும் வராத நிலை இருந்தது.

1973-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் மாகாண ஆளுநர் ராக்ஃபெல்லர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். குறிப்பிட்ட சிறு அளவு போதைப்பொருளை விற்றாலோ வைத்திருந்தாலோ குறைந்தபட்சம் 15 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்றது அந்தச் சட்டம். எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லரின் பேரன்தான் இந்த ஆளுநர் என்பதைத் தோழர்கள் நினைவில் கொள்ளலாம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, பிராங்க்ஸின் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில், சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதிய உடை வாங்கப் பணம் திரட்டுவதற்காக ஒரு கொண்டாட்டம் நடத்தினார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்ப்பெல். டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் பின்னால் அறிந்துகொண்டவர். பாடலில் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை, இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி இயக்கி, அவர் நீட்டிக்கொண்டே போனார். ஹிப்-ஹாப் பிறந்தது அந்த இரவில்தான் என்று இன்று கொண்டாடப்படுகிறது.

மே மாதம் சிறை. ஆகஸ்ட் மாதம் இசை. இரண்டும் ஒரே மக்களைக் குறித்தவை.

1982-இல் ‘தி மெசேஜ்’ என்ற பாடல் வெளிவந்தது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்டு தி ஃபியூரியஸ் ஃபைவ் என்ற குழுவின் பாடல். உடைந்த கண்ணாடி, நாற்றம், வாடகை, கடன், வேறிடம் போகக் காசில்லாத நிலை, மூளை வெடித்துவிடும் என்ற அச்சம். கடைசிக் கண்ணியில் ஓர் இளைஞன் சிறை அறையில் உயிரை விடுகிறான். மனநல மருத்துவர் ஒருவர் எழுத வேண்டிய நோய்க்குறிப்பை ஒரு தெருப்பாடகன் எழுதினான் என்றே சொல்வேன். அடுத்த ஆண்டு அதே குழுவின் மெல்லி மெல் கொக்கெய்னுக்கு எதிராகவே ஒரு பாடல் பாடினார். ஆயினும் என்ன நடந்தது? குழுவின் ஐந்து பாடகர்களில் ஒருவரான கவ்பாய் என்பவரைக் கொக்கெய்னின் மலிவு வடிவமான கிராக் தின்றது; 1989-இல் இறந்தார். எச்சரித்த குழுவுக்குள்ளேயே நோய் புகுந்தது. எச்சரிக்கை மட்டும் மருந்தாகிவிடாது.

1982 என்றதும் இங்கே அமர்ந்திருக்கும் மூத்த தோழர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஜனவரி 18 அன்றுதான் மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகள் பலவும் பிறகு திறக்கவே இல்லை. கிர்ணகாவின் சால்களில் எத்தனை குடும்பங்களில் சாராயம் குடியேறியது என்று நமக்குத் தெரியும். வேலை போன தெருவில் போதை வருவதற்கு அமெரிக்கப் பாடல் தேவைப்படவில்லை. அந்தத் தெருக்களுக்கும் ஒரு பாட்டு மரபு இருந்தது. அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் செங்கொடிக் கலைக்குழுவில் டஃபை அடித்துப் பவாடா பாடியபோது, படித்த கனவான்கள் அதையும் கூச்சல் என்றுதான் சொன்னார்கள்.

லிங்கன் மருத்துவமனையில் நடந்தது

இப்போது நான் சொல்லப்போவது நம் கல்வி வகுப்புகளில் அதிகம் பேசப்படாத வரலாறு. இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கு பிராங்க்ஸில் லிங்கன் மருத்துவமனை என்ற பொது மருத்துவமனை இருந்தது. இடிந்துகொண்டிருந்த கட்டடம், எலிகள், மணிக்கணக்கில் காத்திருக்கும் நோயாளிகள். மக்கள் அதைக் கசாப்புக்கடை என்று அழைத்தார்கள். 1970 ஜூலை 14 அன்று, பியூர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் புரட்சிகர அமைப்பான யங் லார்ட்ஸ் அந்த மருத்துவமனைக்குள் புகுந்து சில மணிநேரம் அதைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. நோயாளிகளின் உரிமைகளுக்கான கோரிக்கைகளை முன்வைத்தது. நவம்பர் 10 அன்று மீண்டும் ஒரு நுழைவு. இம்முறை யங் லார்ட்ஸுடன் மருத்துவமனைத் தொழிலாளர்களும், கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்தவர்களும், போதையிலிருந்து மீள விரும்பிய அந்தத் தெருவாசிகளும் சேர்ந்துகொண்டார்கள். செவிலியர் குடியிருப்புக் கட்டடத்தில் ஒரு பகுதியைக் கைப்பற்றி, போதை மீட்பு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். நிர்வாகம் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டது. லிங்கன் டீடாக்ஸ் என்று அது பெயர்பெற்றது.

அங்கே சிகிச்சை எப்படி நடந்தது? ஹெராயினிலிருந்து மீள்வோருக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்தைச் சில நாட்களுக்கு, படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். மெத்தடோனே இன்னொரு சங்கிலியாகிவிடக் கூடாது என்ற கவலை பின்னர் வந்தபோது, காதில் சிறு ஊசிகள் குத்தும் அக்குபங்சர் முறையைக் கற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள். அம்முறை அறிவியல்படி எந்த அளவுக்குப் பலன் தரும் என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதை நான் இங்கே விற்க வரவில்லை. முக்கியமானது வேறு. அங்கே பணியாற்றியவர்களில் பலர் முன்னாள் போதை நோயாளிகள். சிகிச்சைக்கு வந்தவர் அரசியல் வகுப்பிலும் உட்கார்ந்தார். “நீ கெட்டவன்” என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இந்தப் பொருள் உன் தெருவுக்கு எப்படி வருகிறது, இதில் யார் லாபம் பார்க்கிறார்கள், உன் கட்டடம் ஏன் எரிந்தது என்ற கேள்விகளை அவரோடு சேர்ந்து கேட்டார்கள். வயிற்றைப் புரட்டும் வலியோடு வந்து நின்ற மனிதரை முதலில் உள்ளே விட்டார்கள். திருந்திவிட்டு வா என்று வாசலில் நிறுத்தவில்லை.

எட்டு ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோர் அங்கே சிகிச்சை பெற்றார்கள். 1978-இல், நிர்வாகச் சீர்கேடு என்று காரணம் காட்டி, மேயர் எட் காச்சின் நிர்வாகம் காவல்துறையைக் கொண்டு அந்த மையத்தை அங்கிருந்து அகற்றியது.

அந்த மையத்தில் அக்குபங்சர் கற்றுப் பணியாற்றியவர்களில் ஒருவர் முட்டுலு ஷகூர். 1981-இல் நடந்த ஒரு கொள்ளை வழக்கில், உயிர்ப்பலி நேர்ந்த வழக்கு அது, பின்னாளில் தண்டிக்கப்பட்டு முப்பதாண்டுகளுக்கும் மேல் சிறையிலிருந்தார்; அந்தப் பாதையை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவருடைய மனைவியாக இருந்தவர் அஃபெனி ஷகூர். அஃபெனியின் பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய மகனின் பெயர் தெரிந்திருக்கும்: டுபாக் ஷகூர்.

அஃபெனி கருஞ்சிறுத்தைகள் கட்சியின் உறுப்பினர். 1969 ஏப்ரலில் சதி வழக்கில் கைதானார். கருவுற்றிருந்த நிலையில் நீதிமன்றத்தில் தமக்காகத் தாமே வாதாடினார். 1971 மே மாதம் அனைத்துக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். அடுத்த மாதம் டுபாக் பிறந்தார். இத்தகைய பெண், இத்தகைய போராளி, 1980-களில் கிராக்கின் பிடியில் விழுந்தார். ஏன்? கட்சி சிதைக்கப்பட்டிருந்தது. தோழர்கள் சிறையிலோ கல்லறையிலோ இருந்தார்கள். நிலையான வேலை இல்லை. பிள்ளைகளோடு ஊர் ஊராக, வீடு வீடாக மாறினார். அவருடைய கணவரே பணியாற்றிய அந்த மையமோ காவலர்களால் காலி செய்யப்பட்டுவிட்டது. 1995-இல் மகன் தம் தாயைப் பற்றிப் பாடினார். தாய் கிராக்குக்கு அடிமையாக இருந்ததை மறைக்காமல் சொல்லி, அந்தத் தாயையே அரசியாகப் போற்றிய பாடல் அது. அஃபெனி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மீண்டு வந்திருந்தார். மகன் 1996-இல் சுட்டுக்கொல்லப்பட்டபின் இருபதாண்டுகள் வாழ்ந்து 2016-இல் மறைந்தார்.

நம் கிளை அவரிடம் என்ன முடிவெடுத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். 20 நிமிடம் ஆகியிருக்குமா?

5 கிராமும் ஒரு மருந்து நிறுவனமும்

கிராக் பரவியபோது அமெரிக்க அரசு என்ன செய்தது? 1986-இல் ஒரு சட்டம். ஏழைத் தெருக்களில் புழங்கிய கிராக் 5 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறை. வசதி படைத்தோரின் விருந்துகளில் புழங்கிய தூள் கொக்கெய்னுக்கு அதே தண்டனை வேண்டுமானால் 500 கிராம். பொருள் ஒன்றுதான், வடிவம் வேறு, வாங்குபவரின் வர்க்கமும் நிறமும் வேறு. நூறுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் 2010-இல்தான் மாற்றப்பட்டது. அதுவும் பதினெட்டுக்கு ஒன்று என்ற அளவுக்குத்தான்.

அதே காலத்தில் மனநல மருத்துவத்துக்கு என்ன நேர்ந்தது? பெரிய மனநோய் விடுதிகளை மூடி, ஊர்தோறும் சமூக மனநல மையங்கள் அமைப்போம் என்று 1963-இல் கென்னடி கையெழுத்திட்டார். விடுதிகள் மூடப்பட்டன, மையங்கள் போதிய அளவில் வரவில்லை. 1981-இல் ரீகன் ஒன்றிய அரசின் பொறுப்பையே கழற்றிவிட்டு, குறைக்கப்பட்ட நிதியை மாகாணங்களிடம் தள்ளினார். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையும், லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ நகரங்களின் சிறைகளும் நாட்டின் மிகப்பெரிய மனநல விடுதிகள் என்று இன்று அழைக்கப்படுவது இப்படித்தான்.

இன்னொரு போதைப்பொருளையும் சொல்ல வேண்டும். 1996-இல் பர்டியூ ஃபார்மா என்ற நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாக்கும் ஆபத்துக் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லி விற்றது. 2007-இலும் 2020-இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. உரிமையாளர் குடும்பத்தில் ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. 2021 ஏப்ரலுடன் முடிந்த 12 மாதங்களில் அமெரிக்காவில் போதை மிகையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 5 கிராமுக்கு 5 ஆண்டு என்ற கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்.

பாட்டுக்கும் பொறுப்பு உண்டா?

உண்டு. இதை நான் மழுப்பப் போவதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் டெனிஸ் ஹெர்ட், பெருவெற்றி பெற்ற ராப் பாடல்களை ஆராய்ந்தார். 1979-84 காலத்துப் பாடல்களில் போதைப்பொருளைக் குறிப்பிட்டவை 11 சதவீதம். 1993-க்குப் பின் அது 69 சதவீதமாயிற்று. தொடக்கத்தில் எச்சரிக்கையாக இருந்தது, பிறகு பெருமிதமாக மாறியது என்பது அவருடைய முடிவு. இடையில் என்ன நடந்தது? தெருவோரச் சிறு நிறுவனங்களிடமிருந்து இந்த இசை பெரும் இசைக் கம்பெனிகளின் கைக்குப் போனது. ஒரு சமூகத்தின் புண்ணைக் காட்சிப்பொருளாக்கினால் நன்றாக விற்கும் என்று மூலதனம் கண்டுகொண்டது. பிரெஞ்சுப் பிராந்தி நிறுவனங்களின் பெயர்கள் பல்லவியாயின. பெண்ணை இழிவு செய்யும் வரிகளும் அதே சந்தையில்தான் பெருகின. இன்றைய பாடல்களில் பாதியை என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. என் காதின் வயதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்தப் பாடகர்கள் போதையை விற்றுக் கொழுத்தவர்களா? பட்டியலைப் பாருங்கள். ஹூஸ்டன் நகரில் பாடல்களின் வேகத்தைக் குறைத்து, கனவில் கேட்பதுபோன்ற ஒரு புதிய ஒலியை உருவாக்கிய டிஜே ஸ்குரூ 2000 நவம்பரில் இறந்தார். வயது 29. அவரைக் கொன்றதில் கோடீன் கலந்த இருமல் மருந்துக்குப் பங்குண்டு. அதே மருந்து 2007-இல் பிம்ப் சி என்ற பாடகரின் சாவிலும் இருந்தது. இருமல் மருந்து என்றதும் நான் தொடக்கத்தில் சொன்ன நம் தோழர் உங்களுக்கு நினைவு வரக்கூடும், எனக்கும் வருகிறது. லில் பீப் 2017-இல் 21 வயதில், மாக் மில்லர் 2018-இல் 26 வயதில், ஜூஸ் வேர்ல்ட் 2019-இல் 21 வயதில். மனச்சோர்வையும் பதற்றத்தையும் பாடிப் புகழ்பெற்றவர்கள். பாடியதைச் சந்தை வாங்கியது, பாடியவரைக் காக்க யாருமில்லை. டிஎம்எக்ஸ் தம் 14 வயதில், தாம் நம்பிய ஒருவர் கொடுத்த சுருட்டில் கிராக் கலந்திருந்தது என்று 2020-இல் ஒரு பேட்டியில் சொன்னார். சிறைக்கு எத்தனையோ முறை அனுப்பினார்கள். 2021 ஏப்ரலில், 50 வயதில், மாரடைப்பால் இறந்தார், காரணம் கொக்கெய்ன்.

மறுபக்கமும் உண்டு. 1991-இலேயே ஹூஸ்டனின் கெட்டோ பாய்ஸ் குழு, தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அஞ்சும் மனநிலையைப் பாடியது. எழுதிய ஸ்கார்ஃபேஸ் பதின்வயதில் மனநல மருத்துவமனையில் இருந்தவர். 2016-இல் கிட் கடி தம் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறப் போவதாக வெளிப்படையாக அறிவித்தார். 2017-இல் லாஜிக் என்ற பாடகர், தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி எண்ணையே பாடலின் தலைப்பாக வைத்தார். 2021-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு அப்பாடலின் விளைவை அளந்தது. பாடல் மிகுந்த கவனம் பெற்ற 34 நாட்களில் அந்த எண்ணுக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன. தற்கொலைகள் 245 குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டது. பாட்டு கெடுக்கிறது என்று சொல்கிறவர்கள், பாட்டு காப்பாற்றியதையும் கணக்கில் எழுத வேண்டும். மறுமுனையில் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இருந்தார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நம் நாட்டில்

இங்கே அரசுகளின் கண்ணுக்குப் பாடல் தெரிகிறது. மது, போதை, வன்முறையைப் போற்றும் பாடல்கள் மேடைகளில் ஒலிக்கக் கூடாது என்று 2019-இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 நவம்பரில் ஹைதராபாத்தில் பாட வந்த பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்சுக்கு மதுவைப் போற்றும் பாடல்களைப் பாடக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. எல்லா மாநிலங்களும் மதுக்கடைகளை மூடட்டும், மறுநாளே நான் அப்பாடல்களை நிறுத்திவிடுகிறேன் என்ற பொருளில் அவர் மேடையிலேயே பதில் சொன்னார். பாடகர் என்ற முறையில் அவருக்கும் பொறுப்பு உண்டுதான். ஆனால் மது வருவாயை வரவு செலவுத் திட்டத்தில் எழுதிவைத்திருக்கும் அரசுகளிடம் அதற்குப் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. 2021 செப்டம்பரில் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் கொள்கலன்களில் வந்திறங்கிப் பிடிபட்டது. அதை எந்தத் தெருப்பாடகனும் இறக்குமதி செய்யவில்லை.

சிகிச்சையின் நிலையைப் பாருங்கள். 2019-இல் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஒரு லட்சம் மக்களுக்கு மனநல மருத்துவர்கள் 0.75; தேவை 3. 2021-இல் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, மனநலம் என்பது நடுத்தர வர்க்கத்தின் பிரச்சினை என்று நம் தொழிற்சங்கக் கூட்டங்களில் இனியும் சொல்ல முடியுமா?

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அச்சட்டத்தின் வரையறையில் அடங்கும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்கிறது 115-ஆம் பிரிவு. மறுபுறம் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, உட்கொண்டவரையே சிறைக்கு அனுப்புகிறது. சிகிச்சைக்குத் தாமாக முன்வரும் போதை நோயாளியை வழக்கிலிருந்து விடுவிக்கும் 64-அ பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. காவல் நிலையத்தில் நம் தோழர்கள் அதை எடுத்துச் சொல்லப் பழக வேண்டும்.

இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? தெருமுனைப் பலகையில் ‘மறுவாழ்வு மையம்’ என்று எழுதிக்கொண்டு, கடன் வாங்கிவரும் தாய்மார்களிடம் மாதக் கட்டணம் வசூலித்து, உள்ளே அடித்துக் கட்டிவைக்கும் இடங்கள் நிரப்புகின்றன. மருத்துவர் இல்லாத அந்த இடங்களிலிருந்து தப்பி வந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

இந்த நகரத்தில் பாட்டுக்குக் குறைவில்லை. ஜே.பி.நகரின் டிவைனும் குர்லாவின் நேஸியும் 2015-இல் தங்கள் சந்துகளைப் பற்றிப் பாடியது நாடெங்கும் பரவிற்று. தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு 2018-இல் ‘காலா’ திரைப்படத்தில் தமிழிலேயே பாடியது. நம் பிள்ளைகள் எதைப் பற்றிப் பாடுகிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். பாதிப் பாட்டில் காவலர், மீதியில் தூக்கமின்மை. நம் துண்டறிக்கைகளில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை.

சாவி

எங்கள் கிளை அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. எளிதாக நடக்கவில்லை. கட்டுப்பாடு என்னாவது என்று கேட்ட தோழர்கள் இருந்தார்கள்; அவர்களுடைய கேள்வியிலும் நியாயம் உண்டு. போதையில் ஒருவர் அலுவலகத்தில் சண்டையிட்டால், பணம் எடுத்தால், பெண் தோழர்களிடம் தகாத முறையில் நடந்தால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நம் தோழர் அவற்றில் எதையும் செய்யவில்லை. அவர் நோயுற்றிருந்தார், அவ்வளவுதான்.

இப்போது அவர் இரு வாரங்களுக்கு ஒருமுறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறார். வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியைக் கிளை ஈடுகட்டுகிறது. யாராவது ஒருவர் உடன் செல்கிறோம். இடையில் இரண்டு முறை மீண்டும் குடித்தார். முதல் முறை நான் கோபப்பட்டேன். மருத்துவர்தான் விளக்கினார்: சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் நாம் அவரைத் துரத்துவதில்லை. இந்த நோயில் சறுக்கல் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. சறுக்கியவுடன் மீண்டும் சிகிச்சைக்கு வருவதுதான் முக்கியம். ஊசிவழிப் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு பியூப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தை அரசு மையங்கள் இலவசமாகக் கொடுக்கின்றன. அதைக்கூட இத்தனை ஆண்டுகளில் நான் அறிந்திருக்கவில்லை.

யங் லார்ட்ஸ் செய்ததுபோல் மருத்துவமனைக்குள் புகுந்து ஒரு தளத்தைக் கைப்பற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் வட்டாரத்துப் பொது மருத்துவமனைகளில் போதை மீட்புப் படுக்கைகள் எத்தனை, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், மாலை நேரப் பிரிவு ஏன் இல்லை என்று கேட்டு, பதில் வரும்வரை வாசலில் உட்காரலாம். கட்டடத் தொழிலாளர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் மாலை ஏழு மணிக்குமேல்தான் மருத்துவமனைக்கு வர முடியும் என்பதை அங்கே யாரும் இதுவரை எடுத்துச் சொன்னதில்லை.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் யாருக்காவது இரவு கடினமாக இருந்தால், 14416 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அதற்கு முன்போ பின்போ எங்களில் ஒருவரையும் அழைக்கலாம்.

மருத்துவமனைக் கோரிக்கை மனுவுக்கான கையெழுத்துகளை வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு நம் அலுவலகத்திலிருந்து தொடங்குகிறோம். பாட விரும்புகிறவர்கள் பாடலாம், ஒலிபெருக்கி ஏற்பாடாகியிருக்கிறது. கதவை மூன்றரை மணிக்கே திறந்துவைக்கிறேன் என்று சாவி வைத்திருக்கும் தோழர் சொல்லியிருக்கிறார்.